பேர் சரியாக இருந்தால் ஓடும்

பெங்களூரு ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நான் வேலை பார்த்த சின்ன அலுவலகத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருநாள் கேட்டான்: "அண்ணா, இந்த ஃபங்ஷன எங்கயுமே கூப்பிடலையே, அப்புறம் எப்படி ஓடுது?"

நியாயமான கேள்வி. நிரல் முழுக்கத் தேடினாலும் அதை அழைக்கும் வரி கிடைக்காது. அதுதான் இணையதளங்களைக் கட்டும் மென்பொருளான ட்ரூபலின் ஹூக். தமிழில் கொக்கி.

பெல்ஜியத்துக்காரர் ட்ரீஸ் பாய்டார்ட் 2001 ஜனவரியில் ட்ரூபலை வெளியிட்டபோது, அது எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் கிளாஸ் பேருக்குத்தான் இருந்தது. ஓர் ஆப்ஜெக்டை இன்னொரு மாறியில் போட்டால் அது நகலாகிவிடும். எனவே எல்லாம் ஃபங்ஷன்கள். அவற்றைப் பிணைக்கக் கொக்கி. மாட்யூலின் (ட்ரூபலோடு சேரும் துணைநிரலின்) பெயர், அடிக்கோடு, கொக்கியின் பெயர். இப்படிப் பெயர் வைத்துவிட்டால், ஒரு படிவம் தயாரானதும் அதில் கைவைக்க விரும்பும் மாட்யூல்களை ட்ரூபலே பெயரைக் கோத்துக் கூப்பிடும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் எரர்கூட வராது. கூப்பிட ஆள் இல்லை என்று பேசாமல் போய்விடும். படிவத்தில் கைவைக்கும் கொக்கியின் பெயரில் வரும் 'ஆல்ட்டர்' என்பதில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, இயக்கி வைத்த மாட்யூல்களின் கோப்புகள் தேவை இருக்கிறதோ இல்லையோ நினைவகத்தில் ஏறி உட்காரும்.

2004இல் வந்த பிஎச்பி 5 ஆப்ஜெக்டுக்கு உயிர் கொடுத்தது. 2009இல் 5.3 நேம்ஸ்பேஸ் தந்தது. கிளாஸ் என்றால், தேவைப்படும்போது மட்டும் கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். 2015 நவம்பர் 19இல் வந்த ட்ரூபல் 8, சிம்ஃபொனி என்ற பிஎச்பி கட்டமைப்பின் பாகங்களை எடுத்துக்கொண்டு வீட்டையே இடித்துக் கட்டியது. பக்க முகவரிகளைப் பதிந்துவந்த மெனு கொக்கி போயிற்று. முகவரி ஒரு யாமல் கோப்புக்கும், பக்கத்தை உருவாக்கும் வேலை கன்ட்ரோலர் கிளாஸுக்கும் பிரிந்தன.

ஒரு ஃபங்ஷனில் முடிந்த காரியத்துக்கு இத்தனை கோப்பா என்று கோபப்பட்டவர்கள் 2013லேயே பேக்ட்ராப் என்று தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். சின்னத் தளங்களைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ட்ரூபல் ஏழிலிருந்து எட்டுக்கு நேரடியாக ஏற வழியில்லை. நிரலைத் திருப்பி எழுத வேண்டும், தரவை இடம்பெயர்க்க வேண்டும். "இப்ப ஓடுதுல்ல?" என்று எங்கள் வாடிக்கையாளர்கள் தள்ளிப்போட்டார்கள். ஏழுக்கான ஆதரவும் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜனவரி 5இல்தான் முடிந்தது.

அதற்கு முந்தைய மாதம் ட்ரூபல் 11.1 வந்தது. இப்போது கொக்கியும் ஒரு கிளாஸுக்குள் மெத்தடாக உட்காரலாம். மெத்தடின் பெயர் எதுவாக இருந்தாலும் சரி, தலைக்கு மேல் எந்தக் கொக்கி என்று குறிக்கும் 'ஹூக்' சீட்டு ஒட்டியிருந்தால் போதும். மாட்யூலை நிறுவும்போது ஓடும் கொக்கி போன்ற சில மட்டும் அந்தப் பதிப்பிலும் பழைய ஃபங்ஷன்கள்தான். பேர் சரியாக இருந்தால் ஓடும்.