இருபது சாந்தீம் சமத்துவம்

பேரிங் தபால் வந்தால் அப்பாயி வாங்கமாட்டாள். ‘அவன் எழுதுனதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?’ என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பிரான்சின் தபால் கட்டண வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கேள்விதான். கட்டணப் பட்டியலை வெறும் எண்களின் வரிசையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். என் வாசிப்பில் அதுவும் ஒரு பிரதிதான். யார் யாரோடு பேசலாம், அதற்கு யார் விலை தரவேண்டும் என்று அரசு எழுதிவைத்த பிரதி.

1828 முதல் பிரான்சில் தூரத்தைப் பதினொரு படிகளாகப் பிரித்துக் கட்டணம் வாங்கினார்கள். ஏழரை கிராமுக்கு உட்பட்ட கடிதம் 40 கிலோமீட்டருக்குள் என்றால் 20 சாந்தீம். 900 கிலோமீட்டரைத் தாண்டினால் 1 பிராங்க் 20 சாந்தீம். பெரும்பாலும் பெறுபவர்தான் கட்டவேண்டும். தூரதேசம் பிழைக்கப்போன மகனின் கடிதம் கிராமத்துத் தாய்க்குச் செய்தி மட்டுமல்ல, நாட்கூலியில் பெரும்பங்கை விழுங்கும் செலவும்தான்.

1848 பிப்ரவரிப் புரட்சி இதைப் புரட்டிப்போட்டது. மார்ச்சில் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை. ஆகஸ்ட் 24இல், எத்தியேன் அராகோ தபால்துறைத் தலைவராக இருந்தபோது, ஒரே கட்டணத்துக்கான ஆணை. 1849 ஜனவரி 1 முதல் எவ்வளவு தூரமானாலும் 20 சாந்தீம். அன்றே முதல் தபால்தலையும் வந்தது. அதில் அரசன் முகம் இல்லை. தானியத் தேவதை செரெஸின் முகம்.

இதைச் சமத்துவம் என்று கொண்டாடிவிட்டுப் போய்விட முடியாது. அதே கட்டணம் அல்ஜீரியாவுக்கும் பொருந்தியது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த அரசியல் சட்டம் அல்ஜீரியாவைப் பிரெஞ்சு மண் என்று அறிவித்தது. ஒரே விலை என்பது ஒரு வரைபடமும்கூட.

அடுத்து 1850. மே 18இல் ஒரு சட்டம்: கடிதக் கட்டணம் ஜூலையிலிருந்து 25 சாந்தீம். மே 31இல் இன்னொன்று: வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பட்டியலுக்கு வெளியே. ஜூலை 16இல் மூன்றாவது: பத்திரிகைகளுக்கு மறுபடியும் முத்திரை வரி. மூன்றும் ஒரே சதி என்று நான் சொல்லவரவில்லை. தபால் வருவாய் விழுந்தது உண்மை. ஆனால் வாக்கு, பத்திரிகை, கடிதம் என்று பேச்சின் மூன்று வாசல்களும் இரண்டே மாதத்தில் ஒடுங்கியதைத் தற்செயல் என்று விட்டுவிடவும் முடியவில்லை.

1854 ஜூலையில் கட்டணம் திரும்ப 20க்கு இறங்கியது. இப்போது பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலம். தபால்தலையில் அவர் முகம். தலை ஒட்டினால் 20, ஒட்டாமல் அனுப்பினால் பெறுபவர் 30 கட்டவேண்டும். அப்பாயியின் கேள்விக்குப் பேரரசு சொன்ன பதில் இது. எண் அதே எண்தான்; ஆனால் குடியரசின் இருபதும் பேரரசின் இருபதும் ஒன்றாகிவிடுமா?

வணிகத் தீர்வையிலும் இதே கதைதான். 1860 ஜனவரி 23இல் கோப்டன் - செவாலியே ஒப்பந்தம் ஆங்கிலச் சரக்குகளின் மீதான தடைகளை நீக்கித் தீர்வைக்கு உச்சவரம்பு வைத்தது. சட்டமன்றத்தைக் கேட்கவில்லை, ஒப்பந்தத்தின் மூலமாகவே தீர்வையை மாற்றும் அதிகாரத்தை 1852இலேயே பேரரசர் வாங்கி வைத்திருந்தார். 1892இல் குடியரசின் மெலின் தீர்வை கதவை மறுபடி சாத்தியது. இந்தோசீனத்தை அந்த வேலிக்குள் இழுத்தது. புதுச்சேரி உள்ளிட்ட இந்தியப் பகுதிகளை வெளியே நிறுத்தியது. உள்ளே போனவர்களையும் கேட்கவில்லை, வெளியே நின்றவர்களையும் கேட்கவில்லை.

கட்டணம் கூடியதா, குறைந்ததா என்பதோடு நமது பொருளாதார வரலாறுகள் நின்றுவிடுகின்றன. யாரைக் கேட்டுக் கூட்டினார்கள், யாரைக் கேட்டுக் குறைத்தார்கள் என்று கேட்பதில்லை. மலிவு வேறு, உரிமை வேறு. கடிதத்தை வாங்க மறுத்த அப்பாயிக்கு இது தெரிந்திருந்தது.