சொல்லாத நோவு

பாலாற்றங்கரை வழியே வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்வோர், தோல் பதனிடும் சாலைகளின் வாடையைக் கொண்டே ஊர் நெருங்கிவிட்டதை அறிந்துகொள்வர். ஆம்பூரில் அத்தகைய சாலையொன்றில் என் பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். சுண்ணாம்புத் தொட்டியருகே ஈரத்தரையில் நின்று நின்று அவருடைய முழங்கால்கள் தேய்ந்தன. எழுபது வயதைக் கடந்தபின் நினைவும் தேய்ந்தது. பெற்ற மகளின் பெயர் முதலில் மறந்தது. பின்னர்ச் சொற்களே மறந்தன. டிமென்ஷியா என்று மருத்துவர்கள் வழங்கும் மறதி நோய் அது. வேட்டி மாற்ற அருகில் சென்றால் கையை ஓங்குவார், இரவெல்லாம் கூவுவார். புத்தி பிசகிவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டி, உறங்குவதற்கு மாத்திரை கொடுத்தோம். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. பிழை என்று காட்டியவர் ஒரு செவிலி. அதைச் சொல்லுமுன் சிறிது பழங்கதை பேச வேண்டும்.

நர்ஸ் என்பதற்கு நாம் வழங்கும் 'செவிலி' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் வளர்ப்புத் தாயைக் குறிக்கும். தலைவி வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். அவள் மேனி பசந்ததையும் வளை கழன்றதையும் கண்டு, ஏதோ நோய் என்று செவிலி உணர்வாள். கண் கூரியதுதான், ஆனால் அவள் கொள்ளும் முடிவு தவறிவிடுகிறது. முருகன் அணங்கியதாக எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவிக்கிறாள். உண்மை அறிந்த தோழி எடுத்துரைத்த பின்னரே நோயின் காரணம் விளங்குகிறது. நோவைக் கண்டும் அதன் காரணத்தைப் பிழையாகக் கொள்வது இன்று நேற்று வந்த பழக்கம் அன்று போலும்!

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மருத்துவமனையில் 1909-ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி தொடங்கிற்று. 1946-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் ஏன் அழிகின்றன என்பது அவரை வாட்டிய கேள்வி. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பிவிட்டானாம். தரையில் குருதி சொட்டிய பிறகே விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது தெரிய வந்தது. சிறுவனுக்கு வலிக்கவே இல்லை! இரவில் எலி விரலைக் கடித்தாலும் விழிக்காதவர்கள் அங்கே இருந்தனர். நோய்க்கிருமி நேரே விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி நரம்பு செத்தமையால் காயம் காக்கப்படாமல் போகிறது என்று அவர் கண்டார். ஆகவே கைகால்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிப்பது அந்த மருத்துவத்தின் இன்றியமையாத பகுதியாயிற்று.

மறதி நோயாளியின் நிலை இதற்கு நேர்மாறானது. வலி உண்டு, சொல்ல நா இல்லை. எனினும் இரண்டிடத்தும் நோயாளியின் வாய்மொழியை நம்பி இருந்துவிட முடியாது. இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. 1968-இல் மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்கச் செவிலி, நோயாளி எதை வலி என்கிறாரோ அதுவே வலி என்று வரையறுத்தார். மருத்துவரின் ஐயத்துக்கு ஆளாகித் துன்புற்ற பலருக்கு அது பேருதவி செய்தது. ஆனால், சொல்ல இயலாதவர்? நியூயார்க்கில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றின்படி, இடுப்பெலும்பு முறிந்தோருள் முற்றிய மறதி நோயாளிகள் பெற்ற மார்பின் வகை மருந்து, அறிவு தெளிந்தவர்கள் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே. எலும்பு முறிவு இருசாரார்க்கும் ஒன்றுதானே?

2003-இல் இதற்கென ஓர் அளவுகோல் வெளியாயிற்று. மூச்சு, முனகல், முகக்குறி, உடல் நிலை, ஆற்றினால் ஆறுகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை மதிப்பெண் இட வேண்டும், மொத்தம் பத்து. நோயாளி படுத்திருக்கும்போது மட்டுமன்றி, புரட்டும்போதும் எழுப்பும்போதும் பார்த்தல் வேண்டும். 2011-இல் நார்வே நாட்டார் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு சாராருக்கு எட்டு வாரம் முறைப்படி வலிநீக்க மருந்து அளித்தனர். பெரும்பாலோர்க்கு அது வெறும் பாராசிட்டமால்தான். அவர்களுடைய கொந்தளிப்பு 17 விழுக்காடு குறைந்தது. அக்கொந்தளிப்பில் ஒரு பகுதி வலியின் குரல் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயது கடந்த ஆயிரம் பேரை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அளவையின்படி நூற்றுக்கு ஒருவர்கூட மறதி நோயாளி இல்லை. நம்போன்ற நாடுகளுக்கென வகுத்த மற்றோர் அளவையின்படி ஏறத்தாழப் பத்துப் பேர்! வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் எண்ணிவிடுவது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். எங்கள் வீடும் அவ்வாறே எண்ணிற்று.

வீட்டுக்கு வந்த அந்தச் செவிலி பெரியப்பாவை முதலில் தொடவில்லை. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலக்காலை மெல்ல நீட்டினார். கை ஓங்கியது. இடக்காலை நீட்டினார், ஓங்கவில்லை. எங்கள் பெரியம்மாவைப் பார்த்து, "அம்மா, நல்ல நினைவோடு இருந்தபோது இவருக்கு வலி வந்தால் என்ன செய்வார்?" என்று கேட்டார். நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவரிடம் நாங்கள் எவருமே கேளாத கேள்வி அது. "வாயே திறக்கமாட்டார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்" என்றார் பெரியம்மா. செவிலி அதனை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். உறக்க மாத்திரையை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்கும்படி சொல்லிவிட்டு, வலக்கால் முழங்காலின் கீழே ஒரு தலையணையை மெதுவாகச் செருகினார்.