வெல்பவர் யாரென்று முன்கூட்டிச் சொல்லலாமா?

பாடசாலைகளுக்கிடையிலான வலைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நெருங்கும்போது எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே பேச்சுத்தான்: இம்முறை கிண்ணம் யாருக்கு? வகுப்பறையிலும் பஸ்ஸிலும் ஆசிரியர் அறையிலும் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் பதில்கள் எவ்வளவு தூரம் பலிக்கின்றன என்பதையும், பெண் பிள்ளைகளின் பந்தாட்ட வரலாற்றில் அவை என்ன செய்தன என்பதையும் இந்த நூற்றாண்டு மலரில் சற்றுப் பார்ப்போம்.

இவ்வாறு முன்கூட்டிச் சொல்வதை ஒரு பெருவிழாவாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கொலேஜ் என்றால் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி 1939இல் எட்டு அணிகளுடன் தொடங்கி, 1985இல் 64 அணிகளாக வளர்ந்தது. பெண்களுக்கான போட்டி 1982இல் தொடங்கி, 1994இல் 64 அணிகளை எட்டியது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இலட்சக்கணக்கானோர் முதல் ஆட்டத்திலிருந்து இறுதி ஆட்டம் வரை வெல்பவர் யாரென்று முன்பே எழுதி வைக்கிறார்கள்.

தோற்றவர் வெளியேறும் போட்டியில் 64 அணிகள் இருந்தால் 63 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவுகள். எல்லாவற்றையும் நாணயம் சுண்டித் தீர்மானிப்பதானால், முழுப் பட்டியலும் சரியாக அமைவதற்கு ஏறத்தாழ 92 ஆயிரம் கோடி கோடியில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. விளையாட்டை அறிந்தவருக்கு வாய்ப்பு இதைவிடக் கூடுதலே. ஆனாலும் முழுவதும் சரியான பட்டியலொன்று இன்றுவரை உறுதிப்படவில்லை. 2019இல் ஒருவரின் பட்டியல் முதல் 49 ஆட்டங்கள் வரை பிழையின்றிச் சென்று, ஐம்பதாவதில் தவறியது. நம் வலய மட்டப் போட்டிக்கு எட்டு அணிகள் வந்தால் ஏழே ஆட்டங்கள். அதற்கே 128 விதமான முடிவுகள் உண்டு.

அதற்காகக் கணிப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கப் போட்டியில் அணிகளை நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரப்படுத்துவார்கள். முதலாம் தர அணி பதினாறாம் தர அணியைச் சந்திக்கும்போது பலமுள்ள அணியே வெல்லும் என்பது அநேகமாகப் பலித்துவிடும். அது முதன்முறை பொய்த்தது பெண்கள் போட்டியில்தான். 1998 மார்ச்சில் பதினாறாம் தரத்திலிருந்த ஹார்வர்ட் அணி, முதலாம் தரத்திலிருந்த ஸ்டான்போர்டை, ஸ்டான்போர்டின் சொந்த அரங்கிலேயே 71-67 என்று வென்றது. ஆண்கள் போட்டியில் அப்படியொன்று நடக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அது அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்த வெற்றியன்று. ஸ்டான்போர்டின் முக்கிய வீராங்கனைகள் இருவர் போட்டிக்குச் சற்று முன்னர் முழங்காலில் காயமுற்றிருந்தனர். ஹார்வர்டிலோ அலிசன் பீஸ்டர் இருந்தார். அன்று அவர் மட்டும் 35 புள்ளிகள் எடுத்தார். கல்லூரியின் பெயரையும் பழைய வெற்றிகளையும் கொண்டு போட்ட தரவரிசை இந்த இரண்டு உண்மைகளுக்கும் போதிய எடை கொடுக்கவில்லை.

நம் கரையோரத்துக்கு வருவோம். புத்தளம் மாவட்டத்தில் சிலாபம், புத்தளம் என இரண்டு கல்வி வலயங்கள். வலயத்தில் வென்றால் வடமேல் மாகாணப் போட்டி, அதிலும் வென்றால் அகில இலங்கைப் போட்டி. இங்கே கணிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. கற்பிட்டிக் குடாநாட்டிலும் உடப்புக் கரையிலும் சோளகம் எழுந்துவிட்டால் திறந்த மைதானத்தில் வலையை நோக்கி எறியும் பந்து நேரே போகாது. அந்தக் காற்றுக்குப் பழகிய பிள்ளை எவ்வளவு விலக்கி எறிய வேண்டும் என்று கைக்கணக்கில் வைத்திருப்பாள். உள்ளரங்கில் மட்டும் பயின்றவள் முதற்பாதி முழுவதும் தடுமாறுவாள். மணல் தரையும் அப்படித்தான். அதில் ஓடிப் பழகிய கால் வேறு, சீமெந்துத் தரையில் பழகிய கால் வேறு. பரீட்சைக் காலமா, பிள்ளைகள் எத்தனை மணிக்குப் பஸ் ஏறி வந்தார்கள், காலையில் சாப்பிட்டார்களா என்பவையும் ஆட்டத்தின் முடிவில் பங்கெடுக்கும்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே தஞ்சமடைந்தனர். பாடசாலைகள் நிரம்பி வழிந்தன. மாலை நேர வகுப்புகள் நடந்தன. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பிள்ளைக்குப் பந்தைத் தொடும் நேரம் எவ்வளவு கிடைத்திருக்கும்? வெற்றிப் பட்டியலில் பெயரில்லாத பாடசாலையைப் பார்த்து, அங்கே திறமை இல்லை என்று முடிவுகட்டுவோர் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் பெண்களின் பந்தாட்டத்தில் மிகப் பெரிய முன்கணிப்பு, கிண்ணம் யாருக்கு என்பது பற்றியதன்று. பெண்ணால் எவ்வளவு ஓட முடியும் என்பது பற்றியது. ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் அதை மாணவியருக்குக் கற்பித்தார். பெண்கள் அளவுக்கு மீறிக் களைத்துப் போவார்கள், முரட்டுத்தனம் அவர்களுக்கு ஆகாது என்பது அக்காலத்தவர் கருத்து. எனவே அவர் ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, தத்தம் பகுதியை விட்டு எவரும் வெளியேறக் கூடாது என்று விதி செய்தார். மற்றவர் கையிலிருந்து பந்தைப் பறிப்பதும் தடுக்கப்பட்டது. பெண்கள் ஆடுவதையே பலர் விரும்பாத காலத்தில் அந்த விதிகள்தான் அவர்களுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டன. அதே விதிகள் அவர்களின் ஓட்டத்துக்கு எல்லையும் வகுத்தன.

இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரியொன்றுக்கு 1895இல் சென்ற அந்த ஆட்டம், அங்கே மாற்றங்கள் பெற்று வலைப்பந்தாட்டமாயிற்று. 1901இல் விதிகள் அச்சாயின. ஆடுகளம் இன்றும் மூன்று பகுதிகளாகவே இருக்கிறது. இலங்கையில் முதல் ஆட்டம் 1927இல் கண்டிப் பெண் சாரணியருக்கும் கொழும்பு லேடீஸ் கல்லூரிக்கும் இடையே நடந்ததாகப் பதிவு உண்டு. 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி வலைப்பந்தாட்டத்துக்குப் பொது விதிகளை வகுத்தது நம் நாட்டில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் இலங்கை ஆடியது.

கூடைப்பந்தாட்டத்தில் அந்தப் பழைய கணிப்பு மெல்லத்தான் தளர்ந்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936இல் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கு 1976 வரை இடமில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பாடசாலைகளில் பெண்கள் பாதி ஆடுகளத்துக்குள் மட்டும் ஆடும் முறை 1993 வரை நீடித்தது. முழு ஆடுகளம் கிடைத்தபோது பெண்கள் முழுவதும் ஓடினார்கள். பிழை கணிப்பில்தான் இருந்தது.

நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், போர்க்காலத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி 16 அணிகளில் பதினைந்தாவதாக வந்தது. அதே போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விட அதிகமாக, 348 கோல்கள் போட்டவர் அவர். அணியின் இடத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்த வீராங்கனை தென்பட்டிருக்கவே மாட்டார்.

ஆகவே கிண்ணம் யாருக்கு என்ற பந்தயப் பேச்சு தொடரட்டும். பிழைத்தால் ஒரு ஐஸ்கிறீமோடு போயிற்று. வீட்டில் சொல்லப்படும் கணிப்பே பாரதூரமானது. "சாதாரண தரம் வருகிறது, இனி விளையாட்டு எதற்கு?", "பெரிய பிள்ளையாகிவிட்டாய், உனக்கு இது சரிவராது" என்ற சொற்களோடு அணியை விட்டுப் போகும் பிள்ளையின் திறமையை எந்தத் தரவரிசையும் அளக்கப் போவதில்லை. அவள் ஆட்டம் நடக்கவே இல்லையே!

உலகெங்கும் வாழும் பழைய மாணவியரான நம்மில் பலர் அந்தச் சொற்களைக் கேட்டவர்கள். இன்று நாமே தாய்மார், பெரியம்மாமார், மாமிமார். பயிற்சி முடிந்து பொழுதுபடும் வேளையில் பிள்ளையைக் கூட்டிவர ஓர் ஆள், ஒரு சோடிச் சப்பாத்து, பஸ் காசு: அநேகமாக இவ்வளவுதான் தேவைப்படும். இவற்றைக் கொடுத்து அவளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, வெல்வாளா தோற்பாளா என்பதைப் பிறகு பேசிக்கொள்வோம்.