வெறுங்காலும் வெளுத்த முகமும்: தேயிலை மலைகள் கற்பித்த பாடம்

மணிமுத்தாறு அணையைக் கடந்து மேலேறினால் வருவது மாஞ்சோலை. 1929ஆம் ஆண்டில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஏறத்தாழ 8,374 ஏக்கர் மலைநிலத்தைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. காடு திருத்தப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன. ஓயாத மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று அவற்றை உருவாக்கியவர்கள் ஏழைத் தொழிலாளர்களே.

இத்தகைய மலைத் தோட்டங்களில் ஓசையின்றி உயிரை உறிஞ்சிய நோய் ஒன்று உண்டு. அது கொக்கிப்புழு நோய். மலத்தோடு வெளியேறும் முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கின்றன. நுண்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, இறுதியில் சிறுகுடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கின்றன. தோல்வழியே அவை நுழைவதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். புழுக்கள் இருந்த நீர் அவருடைய கையிலேயே சிந்தியதுதான் அதற்கு வழிவகுத்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் மிகப் பரவலாக இருந்தது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனம் அங்கே சிகிச்சை இயக்கத்தைத் தொடங்கியது. மருந்தால் புழுக்கள் வெளியேறின. ஆயினும் கழிப்பறை இல்லாத தோட்டங்களில் நோய் மீண்டும் தொற்றியது. மருந்து மட்டும் போதாது, மண்ணும் தூய்மையாக வேண்டும் என்பதே அவ்வியக்கம் கற்ற பாடம். சுதந்திர இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது.

நீர்நிலைகளிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், நிழலிலும் மலம் கழிப்பது சாபத்திற்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. காலணி அணிந்திருப்பவர் வாகனத்தில் செல்பவரைப் போன்றவர் என்று கூறி, அதை அதிகம் அணியுமாறு அவர்கள் ஏவியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். இவற்றைப் புழுவைப் பற்றிய முன்னறிவிப்பு என்று நாம் வலிந்து பொருள் கொள்ள வேண்டியதில்லை. பிறருக்குத் தீங்கிழைக்காமையும் உடலைப் பேணுதலும் மார்க்கத்தின் பகுதி என்பதை உணர்ந்தால் போதும்.

இன்று புழு குறைந்திருக்கலாம்; இரத்தசோகை குறையவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். படியேறினால் மூச்சு வாங்குவதையும் முகம் வெளுப்பதையும் வேலைக் களைப்பு என்று நம் இல்லங்களில் ஒதுக்கிவிடுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைப் பிள்ளைகளுக்கு மறுக்காதிருப்போம். முருங்கைக்கீரை, பயறு, இறைச்சி ஆகியவற்றை வீட்டுப் பெண்களும் நிறைவாக உண்ணச் செய்வோம். எலுமிச்சைச் சாறு இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். தேநீரோ அதைத் தடுக்கும். ஆகவே நோன்பு திறந்த உணவானாலும் மற்ற வேளை உணவானாலும், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி அருந்துவோம். களைப்பு நீடித்தால் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்து மருத்துவரை அணுகுவோம்.

நம் கோப்பையிலுள்ள தேயிலை, வெறுங்காலோடு மலையேறியவர்களின் உழைப்பால் வந்தது. அவர்களுக்காகவும் பிரார்த்திப்போம். உடல்நலம் என்னும் அமானிதத்தைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.