ஒன்றரை லட்சம் டாலரை வேண்டாம்னு சொன்ன ராமநாதன் கிருஷ்ணன்

இந்த வாரமும் விழுப்புரத்துல இருந்துதான் பேசுறேன். பின்னாடி ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ஜங்ஷன் ஊர் அப்படித்தான்.

திண்டிவனத்துல இருந்து ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணே, பிரெஞ்சு ஓபன், யு.எஸ். ஓபன்னு சொல்றாங்களே, அதுல ஓபன்னா என்ன? அதுக்கு முன்னாடி மூடியா வெச்சிருந்தாங்க?" கிண்டலாத்தான் கேட்டிருக்கார். ஆனா பதில் என்னன்னா, ஆமாம், மூடித்தான் வெச்சிருந்தாங்க. 1968 வரைக்கும் மூடியிருந்தது. அந்தக் கதவு மூடியிருந்த காலத்துல, உலகத்தோட முதல் பத்து ஆட்டக்காரர்கள்ல ஒருத்தரா இருந்த ஒரு தமிழர், கதவுக்கு எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு முடிவு பண்ண வேண்டியிருந்தது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க பக்கம் "டென்னிஸ்"னு சொன்னா கூடவே "பால்"னும் வரும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல எந்த ஊர்ல இறங்கினாலும் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி பேனர் ஒண்ணு தொங்கும். நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு, வழங்குபவர் இன்னார். நல்லா பந்து போடுற பையன் ஒருத்தன் இருந்தா, பக்கத்து ஊர் டீம் பைக் அனுப்பிக் கூட்டிட்டுப் போகும். பெட்ரோல், பிரியாணி போக கையில கொஞ்சம் காசும் கொடுக்கும். கபடிக்கும் இதே கதைதான். காசு வாங்கி ஆடினான்னு அவனை யாரும் அசிங்கமா பார்த்தது இல்ல. "அவனுக்கு ஆட்டம் இருக்கு, கூப்பிடுறாங்க" அப்படிங்கிறதோட சரி.

டென்னிஸை நடத்தினவங்க அப்படி நினைக்கல. விம்பிள்டன், பாரிஸ்ல நடக்கிற பிரெஞ்சு சாம்பியன்ஷிப், அமெரிக்க, ஆஸ்திரேலியப் போட்டிகள், நாடுகளுக்கு இடையில நடக்கிற டேவிஸ் கோப்பை எல்லாமே அமெச்சூர்களுக்கு மட்டும். ஆடுறதுக்குக் காசு வாங்கினா நீங்க ப்ரொஃபஷனல், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர். அதுக்கப்புறம் இதுல எதுலயும் கால் வைக்க முடியாது. விம்பிள்டன் ஜெயிச்சா கோப்பை உண்டு, கடையில பொருள் வாங்கிக்க ஒரு வவுச்சர் உண்டு, கைதட்டல் உண்டு. சம்பளம் கிடையாது. பரம்பரைச் சொத்து இருக்கிறவன் மட்டும் கவலையில்லாம ஆடலாம்னு ஒரு விதியை எழுதிட்டு, அதுக்கு "விளையாட்டின் தூய்மை"னு பேர் வெச்சாங்க. இது என் கருத்துதான், ஆனா இதை வேற எப்படிப் படிக்கிறதுன்னு எனக்குப் புரியல.

இந்த விதியை முதல்ல பெரிய அளவுல உடைச்சது ஒரு பிரெஞ்சுப் பெண். சூசான் லெங்லென். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை ஜெயிச்சவர், அவரைப் பார்க்கவே கூட்டம் வரிசையில நின்னது. கூட்டத்துகிட்ட வாங்குற டிக்கெட் காசு சங்கத்துக்குப் போகும், லெங்லெனுக்கு ஒண்ணும் கிடையாது. 1926-ல அமெரிக்க நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் சி.சி. பைல் 50,000 டாலர் தர்றேன்னு சொன்னார், கையெழுத்துப் போட்டுட்டார். அதோட விம்பிள்டனும் பாரிஸும் அவருக்கு முடிஞ்சது. 1938-ல, முப்பத்தொன்பது வயசுல இறந்துபோனார். இன்னைக்கு ரோலண்ட் காரோஸ் மைதானத்துல இரண்டாவது பெரிய கோர்ட்டுக்கு அவர் பேர். பெண்கள் ஜெயிச்சா தூக்குற கோப்பைக்கும் அவர் பேர்தான். உயிரோட இருக்கும்போது உள்ள விட மாட்டேன்னவங்க, அப்புறம் கதவு மேலயே பேரை எழுதினாங்க.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம்.

ராமநாதன் கிருஷ்ணன், 1937-ல நாகர்கோவில்ல பிறந்தவர். அப்பா டி.கே. ராமநாதனே ஒரு ஆட்டக்காரர், மகனுக்கு குருவும் அவர்தான். சென்னையில கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ராம் போட்டியில, பள்ளிக்கூடப் பையனா இருக்கும்போதே லயோலா கல்லூரி முதல்வர்கிட்ட தனி அனுமதி வாங்கி ஆடி, 1951-ல ஜெயிச்சார். மூணே வருஷம். 1954-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம். ஆசியாவுல இருந்து அதை வாங்கின முதல் ஆள். அந்த ஜூலையில, திண்டிவனத்துல இருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்துல இருந்த பாண்டிச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரங்க கையிலதான் இருந்தது. நவம்பர் 1-தான் கை மாறியது. சம்பந்தம் ஒண்ணும் இல்ல, காலம் எதுன்னு மனசுல நிக்கட்டும்னு சொன்னேன்.

அவர் ஆட்டத்துல ஒரு விசித்திரம். சர்வீஸ் பலவீனம். வேகமா அடிச்சு நொறுக்குற ஆளே இல்ல. எதிராளியோட வேகத்தையே கடன் வாங்கி, பந்தை அவன் இல்லாத இடத்துல மெதுவா வைப்பார். இதை வெச்சு 1959 டேவிஸ் கோப்பையில ராட் லேவரை ஜெயிச்சார். லேவர்னா சாதாரண ஆள் இல்ல, ஒரே வருஷத்துல நாலு பெரிய பட்டங்களையும் இரண்டு தடவை வாங்கின ஒரே ஆண் அவர்தான்.

இந்தச் சமயத்துலதான் ஜாக் கிராமர் வர்றார். 1947 விம்பிள்டன் சாம்பியன், அப்புறம் தொழில்முறைக்குப் போய், பிறகு தொழில்முறைச் சுற்றுப்பயணத்தையே நடத்தினவர். அமெச்சூர்ல யார் மேல வந்தாலும் தூண்டில் போடுவார். கிருஷ்ணனுக்கு அவர் பேசினதா சொல்லப்படுற தொகை மூணு வருஷத்துக்கு 1,50,000 டாலர். அன்னைக்கு ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல. ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, 1962 கடைசியில லேவர் தொழில்முறைக்குப் போனப்போ அவருக்கு மூணு வருஷத்துக்குச் சொன்ன உத்தரவாதம் 1,10,000 டாலர்.

கிருஷ்ணன் வேண்டாம்னுட்டார்.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். முப்பது பர்சென்ட் ஹைக் கிடைச்சா நோட்டீஸ் பீரியட் எவ்வளவுன்னு முதல்ல பார்க்கிற கூட்டத்துல ஒருத்தன். அதனால இந்த இடத்துல ரொம்ப நேரம் நின்னேன். டேவிஸ் கோப்பையில இந்தியாவுக்கு ஆடுறதை விட மனசு வரல அப்படிங்கிறதுதான் பொதுவா சொல்லப்படுற காரணம். உண்மையாத்தான் இருக்கும். ஆனா இதை "தியாகம்"னு ஒரே வார்த்தையில கட்டி மாலை போட்டுட்டா, அவர் என்ன கணக்குப் போட்டிருப்பார்னு யோசிக்காமலே விட்டுடுவோம்.

அந்தத் தொழில்முறை வாழ்க்கை எப்படி இருந்ததுன்னு பாருங்க. இன்னைக்கு ஒரு ஊர், நாளைக்கு இன்னொரு ஊர். உள் அரங்கத்துல கான்வாஸ் துணியை விரிச்சு அதுக்கு மேல ஆட்டம், முடிஞ்சதும் சுருட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா அடுத்த ஊர். நம்ம நாடகக் கம்பெனி மாதிரி. அதே எதிராளி, மாசக்கணக்கா. அந்த எதிராளி பெரும்பாலும் பாஞ்சோ கோன்சலஸ். 1955 விம்பிள்டன் சாம்பியன் டோனி டிராபர்ட் அவர்கிட்ட போய், 74 ஆட்டம் தோத்து 27 ஜெயிச்சார். இரண்டு தடவை விம்பிள்டன் வாங்கின லூ ஹோட் 51 தோத்து 36 ஜெயிச்சார். அந்தத் துணித் தரையில பந்து சறுக்கிக்கிட்டு வரும், பெரிய சர்வீஸ் வெச்சிருக்கிறவன்தான் ராஜா. சர்வீஸ் பலவீனமா இருக்கிற, புல்தரையில மெல்ல யோசிச்சு ஆடுற ஒருத்தருக்கு அது நல்ல இடமே இல்ல. என்னைக் கேட்டா, நாட்டுப்பற்றும் ஆட்ட அறிவும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லியிருக்கு.

போனவங்களுக்கு என்ன ஆச்சு? 1959 விம்பிள்டன்ல கிருஷ்ணனை மூணாவது சுற்றுல வீழ்த்தி, பட்டமும் வாங்கினவர் அலெக்ஸ் ஒல்மெடோ. அடுத்த வருஷம் தன் பட்டத்தைக் காப்பாத்த அவர் வரவே இல்ல, வரவும் முடியாது, கையெழுத்துப் போட்டிருந்தார். லேவருக்கு 1963-ல இருந்து 1967 வரைக்கும் அஞ்சு விம்பிள்டன் போச்சு. உலகத்துல மிகச் சிறந்தவர்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட வருஷங்கள்ல அவர் பேர் பட்டியலிலேயே இருக்காது.

போகாத கிருஷ்ணன் 1960 விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்தார். நீல் பிரேசர்கிட்ட தோத்தார், பிரேசர் சாம்பியன். 1961-ல காலிறுதியில ராய் எமர்சனை நேர் செட்ல சுருட்டிட்டு மறுபடி அரையிறுதி. இந்தத் தடவை லேவர், அவர் சாம்பியன். 1962-ல நாலாவது தரவரிசை கொடுத்தாங்க, கணுக்கால் காயம், பாதியில விலக வேண்டியதாச்சு. ஒற்றையர்ல விம்பிள்டன் அரையிறுதியைத் தொட்ட இந்திய ஆண் இன்னைக்கும் அவர் ஒருத்தர்தான்.

அப்புறம் 1966. எனக்கு இந்த எபிசோட் பண்ணணும்னு தோணினதே இதுக்காகத்தான். கல்கத்தா, டேவிஸ் கோப்பை, பிரேசிலோட மண்டலங்களுக்கு இடையிலான இறுதி. இரண்டுக்கு இரண்டு சமம். கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோக்குக்கும். கோக் இரண்டு செட் எடுத்துட்டார், கிருஷ்ணன் ஒண்ணு. நாலாவது செட்ல கோக் 5, கிருஷ்ணன் 2. இன்னும் ஒரே ஒரு கேம் போனா எல்லாம் முடிஞ்சது. அங்க இருந்து அந்த செட்டை 7-5-ன்னு எடுத்தார், அஞ்சாவது செட்டையும் எடுத்தார். இந்தியா முதல் தடவையா சேலஞ்ச் ரவுண்டுக்குப் போச்சு. மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாகிட்ட 4-1-ன்னு தோத்தோம். அந்த ஒண்ணு யாரோடதுன்னா, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, நியூகோம்பையும் ரோச்சையும் இரட்டையர்ல வீழ்த்தினது. கிராமரோட காகிதத்துல கையெழுத்து விழுந்திருந்தா கல்கத்தாவும் இல்ல, மெல்போர்னும் இல்ல.

கதவு திறந்தது அதுக்கு ஒன்றேகால் வருஷம் கழிச்சு. 1968 மார்ச் 30, பாரிஸ்ல கூடின சர்வதேசச் சங்கம் இனிமே இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்னு ஓட்டுப் போட்டது. நாலு பெரிய போட்டிகள்ல முதல்ல திறந்ததும் பாரிஸ்தான். திண்டிவனத்து நேயரே, உங்க "ஓபன்" இதுதான். ஆனா நேரத்தைப் பாருங்க, மே 1968. பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம், ரயில் இல்ல, பெட்ரோல் இல்ல. ஆட்டக்காரங்க கிடைச்ச வண்டியில தொத்திக்கிட்டு வந்து சேர்ந்தாங்க, வேலைக்குப் போக முடியாத ஜனம் மைதானத்தை நிரப்பிச்சு. கென் ரோஸ்வால் ஜெயிச்சார், இறுதியில தோத்தது லேவர். அதே வருஷம் விம்பிள்டன்ல லேவர் ஜெயிச்சு 2,000 பவுண்டு வாங்கினார்.

அப்போ கிருஷ்ணனுக்கு வயசு 31. அந்தக் கால உடம்புக்கும் அந்தக் கால டென்னிசுக்கும் அது சாயங்காலம். அர்ஜுனா, பத்மஸ்ரீ, 1967-ல பத்மபூஷண் எல்லாம் வந்திருந்தது. பின்னாடி சென்னையில சமையல் எரிவாயு ஏஜென்சி நடத்தினார். இதைக் கேட்டு "ஐயோ பாவம்"னு சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன். எனக்கு அப்படித் தோணல. காசு வாங்காம ஆடணும்னு விதி போட்ட ஆட்டத்துல இருந்தவர், பிழைப்புக்கு ஒரு தொழில் பண்ணினார். வெட்கப்படணும்னா அந்த விதியை எழுதினவங்க படட்டும்.

மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வாங்கினார், அப்பா வாங்கி 25 வருஷம் கழிச்சு. அதே வருஷம் பாரிஸ்லயும் ஜூனியர் பட்டம். அப்பா மாதிரியே மெதுவான சர்வீஸ், அப்பா மாதிரியே பந்தை வைக்கிற கை. ஆனா அவர் தொழில்முறை ஆட்டக்காரர். 1987-ல டேவிஸ் கோப்பை அரையிறுதியில ஆஸ்திரேலியாவை அவங்க ஊர்லயே வீழ்த்த முன்ன நின்னார், இறுதியில ஸ்வீடனோட ஆடினார். 1989 ஆஸ்திரேலிய ஓபன்ல அன்னைக்கு உலகத்தோட நம்பர் ஒன்னா இருந்த மாட்ஸ் விலாண்டரை இரண்டாவது சுற்றுல வெளிய அனுப்பினார். பரிசுப் பணமும் வாங்கினார், நாட்டுக்கும் ஆடினார். ரெண்டுல ஒண்ணை விடுன்னு யாரும் அவர்கிட்ட கேக்கல.

அடுத்த எபிசோட் விஜய் அமிர்தராஜ். 1974-ல இறுதி வரைக்கும் போயும் இந்தியா ஏன் தென்னாப்பிரிக்காவோட ஆடல அப்படிங்கிறதைப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க, கிண்டலா இருந்தாலும் பரவாயில்ல.