பெயரால் வாழும் வண்டிகள்

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நன்னூலார் பகுத்துக் காட்டியதை நம் மாணவர் நன்கறிவர். மரம் என்பது இடுகுறி. நாற்காலி என்பது காரணம் பற்றி வந்தது. இப்பகுப்பைத் துணைக்கொண்டு, தமிழிலக்கணத்திற்கு நெடுந்தொலைவிலுள்ள ஒரு துறையை ஈண்டு நோக்குவோம். 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுக் கார் விற்பனையாளர் சிலர், தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியை அவ்வாறே விற்காமல், தம் பட்டறையில் மாற்றியமைத்துத் தாமே பெயரும் சூட்டி விற்றனர். அப்பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களே. அக்காரணங்களைத் துருவிச் செல்வோர்க்கு, ஒரு பொருளைச் செய்தவர் யார், அதற்குப் பெயர் சூட்டும் உரிமை யாருடையது என்னும் வினாக்கள் எதிர்ப்படுகின்றன.

நடுத்தர உடலமைப்பும் மிகாத விலையும் கொண்ட காரினுள், பெருங்காருக்குரிய எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதே ‘மசல் கார்’. தசைவலிமை மிக்க கார் என்பது அதன் பொருள். இச்சொல் பெருவழக்கு எய்தியது பின்னாளில்தான். அக்காலத்தார் ‘சூப்பர் கார்’ என்றே மிகுதியும் வழங்கினர்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தன் பிரிவுகள் கார்ப் பந்தயத்தில் ஈடுபடலாகாது எனத் தடை விதித்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பதும் அதன் விதி. பொன்டியாக் பிரிவின் பொறியியலாளர் ஜான் டிலோரியனும் அவருடன் பணியாற்றியோரும் இவ்விதியை நுணுகி நோக்கினர். புதிய வண்டிக்குத்தான் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். வாங்குவோர் விருப்பத்திற்கேற்பக் கூடுதலாகத் தரும் உறுப்புகளுக்கு அது வேண்டா என்று கண்டனர். ஆகவே 1964ஆம் ஆண்டுக்குரிய டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல எஞ்சினைக் கூடுதல் உறுப்பாக வைத்து, அதற்கு ஜி.டி.ஓ. எனப் பெயரிட்டனர். இத்தாலிய ஃபெராரி நிறுவனத்தின் புகழ்பெற்ற பந்தயக் காரின் பெயர் அது. பந்தயத் தகுதிக்கு ஒப்புதல் பெற்ற நெடும்பயணக் கார் என்பது அம்மூன்றெழுத்தின் கருத்து. பொன்டியாக்கோ அத்தகைய ஒப்புதல் எதனையும் பெறவில்லை. இத்தாலியில் காரணப்பெயராய் இருந்தது கடல் கடந்து இடுகுறியாயிற்று!

மிச்சிகன் மாநிலத்து ராயல் ஓக் நகரில் ஏஸ் வில்சன் என்பார் நடத்திய ராயல் பொன்டியாக் விற்பனையகம், எஞ்சினில் சிறுசிறு திருத்தங்கள் செய்து வேகத்தைக் கூட்டிக் கொடுத்தது. அவ்வண்டிகள் ‘ராயல் பாப்கேட்’ எனப்பட்டன. பாப்கேட் என்பது வட அமெரிக்கக் காட்டுப்பூனை. ஆயினும் பூனையைக் கண்டு வைத்த பெயரன்று அது. போனவில், கெட்டலினா என்னும் பொன்டியாக் வண்டிகளில் ஒட்டப்பட்டிருந்த எழுத்துகளைக் கழற்றி வேறு வரிசையில் கோத்தபோது கிடைத்த சொல்லே அது. சிகாகோவிலிருந்த கிராண்ட் ஸ்பால்டிங் டாட்ஜ் விற்பனையகமோ, தான் நின்ற இரு தெருக்களின் பெயரையே வண்டிக்கும் ஏற்றியது. 440 கன அங்குல எஞ்சின் பொருத்திய அதன் 1968ஆம் ஆண்டு டார்ட் கார் ‘ஜி.எஸ்.எஸ்.’ எனப்பட்டது, முதலிரண்டு எழுத்துகளும் தெருப்பெயர்களே.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் பென்சில்வேனியா மாநிலத்துக் கேனன்ஸ்பர்க் என்னும் சிற்றூரின் செவ்ரலே விற்பனையாளர் டான் யெங்கோ (1927–1987). அவர் தாமே பந்தய வீரர். கொர்வேர் என்னும் சிறு காரின் பின்னிருக்கையை நீக்கி, எஞ்சினைத் திருத்தி, ‘ஸ்டிங்கர்’ எனப் பெயரிட்டார். கொட்டும் கொடுக்கு என்பது பொருள். பந்தயத்தில் ஏற்கப்பட வேண்டுமாயின் 100 வண்டிகள் செய்தாக வேண்டும் என்றது பந்தய மன்றம். 1965ஆம் ஆண்டு முடிவதற்குள் நூறும் ஆயத்தமாயின.

1967இல் செவ்ரலேயின் கமாரோ காருக்குக் கிடைத்த மிகப்பெரிய எஞ்சின் 396 கன அங்குலம். யெங்கோவின் தொழிலாளர் அதனைக் கழற்றி, கொர்வெட் காருக்குரிய 427 கன அங்குல எஞ்சினைப் பொருத்தினர். ‘யெங்கோ சூப்பர் கமாரோ’ என்றனர். செய்ததும் அவர்களே, பெயரிட்டதும் அவர்களே. இதில் வழக்கில்லை.

1969இல் நிலைமை மாறியது. தொழிற்சாலையே 427 எஞ்சினைப் பொருத்தித் தரவேண்டும் என யெங்கோ விரும்பினார். அத்தகைய கார்களில் 400 கன அங்குலத்தை மிஞ்சலாகாது என்பது அன்றைய விதி. ஆனால் காவல்துறை, டாக்சி நிறுவனம் போன்றோர் மொத்தமாகக் கேட்கும் தனிவகை வண்டிகளுக்கென ‘மத்திய அலுவலக உற்பத்தி ஆணை’ என்றொரு வழி இருந்தது. அதன் ஆங்கிலத் தலையெழுத்துகளைச் சேர்த்துக் ‘கோப்போ’ என்பர். செவ்ரலே அதிகாரி வின்ஸ் பிக்கின்ஸ் இவ்வழியே ஆணையை நிறைவேற்றினார். ஆணை எண் 9561. வண்டி தொழிற்சாலையிலேயே உருவாகியது. எஞ்சினின் அளவைச் சொல்லும் எழுத்து ஒன்றும் அதன் உடலில் இல்லை. கேனன்ஸ்பர்க் வந்த பின்னரே யெங்கோவின் பட்டைகளும் ‘எஸ்-ஒய்-சி’ என்னும் முத்திரையும் ஏறின. யெங்கோ சூப்பர் கார் என்பதன் சுருக்கம் அது. செய்தவர் பெயரிட அஞ்சினர், பெயரிட்டவர் செய்யவில்லை.

விதியின் எழுத்தைக் காத்து அதன் கருத்தைக் கைவிட்ட இச்செயலைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. இவ்வண்டிகள் பந்தயத் திடலில் மட்டும் ஓடவில்லை. இளைஞர் கையில் ஊர்த்தெருக்களிலும் ஓடின. காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியது வியப்பன்று. அதன்பொருட்டே யெங்கோ 1970இல் 350 கன அங்குல எஞ்சின் பொருத்திய நோவாவை ‘டியூஸ்’ என விற்றார். தாளில் அது சிறிய எஞ்சினாகவே காட்சியளித்தது. பின்னர்ப் புகை பற்றிய சட்டங்களும் 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் இவ்வாணிகத்தை ஒடுக்கிவிட்டன.

இன்று இவ்வண்டிகளைச் சேகரிப்போர் பெருந்தொகை தருகின்றனர். முத்திரையை எவரும் அச்சிடலாம். ஆகையால் விற்பனைத் தாளும் ஆணைத் தாளும் இல்லாத யெங்கோ வண்டியை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

கோப்போ வழியில் 9560 என்னும் மற்றோர் ஆணையும் உண்டு. அலுமினிய 427 எஞ்சின் கொண்ட கமாரோக்கள் அவை. இல்லினாய் மாநிலத்து விற்பனையாளர் ஃபிரெட் கிப் 50 வண்டிகளுக்கு ஆணையிட்டார். விலை 7,000 டாலரைக் கடந்தமையால் விற்க இயலாது பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார். மொத்தம் 69 வண்டிகளே உருவாயின. 2012இல் செவ்ரலே நிறுவனம் பந்தயத்திற்கென ஒரு கமாரோவை வெளியிட்டது. அதன் எண்ணிக்கையும் 69. அன்று எழுத்தர் தாளில் மறைந்துகிடந்த ‘கோப்போ’ என்பதையே அதற்குப் பெயராகச் சூட்டி, வண்டியின் மேலும் பொறித்தது.