நிற்க ஓரிடம்

1982 ஜூன் மாதம் சென்னை மெரினாவில், அண்ணா சதுக்கத்தின் அருகே ஒரு தள்ளுவண்டிக் கடை திறந்தது. கட்லெட், சமோசா, பழச்சாறு, காப்பி எல்லாம் இருந்தன. முதல் நாள் விற்றது ஒரே ஒரு காப்பி. வரவு ஐம்பது காசு. கடைக்காரர் பாட்ரிசியா நாராயண். பின்னாளில் உணவகங்களுக்கு உரிமையாளராகி, 2010இல் ஃபிக்கி அமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருதும் பெற்றார்.

ஐம்பது காசிலிருந்துதான் எல்லோரும் இந்தக் கதையைத் தொடங்குகிறார்கள். தன்னம்பிக்கைப் பேச்சுக்கு அது வசதி. எனக்கோ அதற்கு முந்தைய ஓராண்டுதான் வரலாறாகப் படுகிறது.

மதம் கடந்து மணந்தவர் அவர். கணவர் போதைக்கு அடிமையானதையும், குழந்தைகளோடு பெற்றோர் வீடு திரும்பியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சில நூறு ரூபாய் கடன் வாங்கி ஊறுகாயும் ஜாமும் செய்தார். அம்மா அவற்றைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப்போக, ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன. அதுவரை யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. அடுப்படிக்குள் ஒரு பெண் எவ்வளவு சமைத்தாலும் உரிமம் கேட்பாரில்லை. கடற்கரையில் நின்று விற்பதென்றதும் பொதுப்பணித் துறையின் அனுமதிக்கு ஓராண்டு அலைய வேண்டியிருந்தது.

வண்டியைக் கொடுத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பள்ளி நடத்திய ஒரு மருத்துவர், தந்தையின் நண்பர். மாற்றுத்திறனாளிகள் இருவரை வேலைக்கு வைத்துப் பழக்க வேண்டும் என்பது நிபந்தனை. மறுநாளே வரவு அறுநூறு, எழுநூறு ரூபாய்க்கு ஏறியது. தனியொருத்தியின் வெற்றி என்று நாம் வாசிப்பதற்குள் அம்மாவின் கடனும், கூட நின்ற இருவரின் உழைப்பும் இருக்கின்றன.

கடலில்லாத எங்கள் சேலத்திலும் மாலை உலாவுக்கு வண்டிகள் உண்டு. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம் வைத்துத் தரும் தட்டுவடை செட்டுக்கு ஊரே கூடும். நான் பார்த்தவரை வண்டியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தட்டுவடையை வீட்டில் தட்டிச் சுடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய மகள்கள் சிலர் என் வகுப்பில் படிக்கிறார்கள். படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதித் தருகிறார்கள்.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்களை வியாபாரிகளுக்குத் தருகிறது; அதில் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெருவில் நிற்பவர்தான் வியாபாரி. விடியுமுன் எழுந்து மாவு பிசைந்தவள் அதில் எங்கும் இல்லை.

கைப்பக்குவத்தைப் புகழ்வதில் நாம் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அந்தக் கைக்கு உரியவளின் பெயர் விற்பனைச் சான்றிதழில் இருக்கிறதா என்று கேட்பதைத்தான் இன்னும் தொடங்கவில்லை. முதலில் அந்தப் படிவத்தில் ‘இல்லத்தரசி’யை அடித்துவிட்டு, ‘தட்டுவடைத் தொழில்’ என்று எழுதலாம்.